கண்களை மூடி மேகசின் மாற்றப் பழக: அலுமினியப் போலித் தோட்டாக்கள்

டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடையில், என் கிளாக் 17 கைத்துப்பாக்கிக்காக 9 மில்லிமீட்டர் அலுமினியப் போலித் தோட்டாக்கள் 10 வாங்கி, மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியை, பார்க்காமல் மாற்ற மூன்று மாதங்களாக நாள்தோறும் பழகிவருகிறேன். வெடிமருந்தில்லாத இவற்றின் சிவப்பு நிறம் உண்மைத் தோட்டாவோடு குழம்ப இடந்தருவதில்லை. ஆயினும் உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவைத்து, துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதிசெய்த பின்னரே தொடங்குகிறேன். இதில் தளர்வு கூடவே கூடாது.

பார்க்காமல் மாற்றுவதற்கு வழிகாட்டுவது சுட்டுவிரல்தான். மேகசினின் அடித்தட்டு உள்ளங்கையில் அமர, சுட்டுவிரல் முன்பக்கமாக நீண்டு மேல் தோட்டாவின் முனையைத் தொடும்போது, எது முன், எது பின் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடுகிறது. பின்னர் மேகசினின் தட்டையான முதுகைக் கைப்பிடித் துளையின் பின்சுவரில் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தி ஏற்றலாம். வெற்று மேகசினில் தொடுவதற்கு அந்த முனையே இருப்பதில்லை. போலித் தோட்டாக்களின் மதிப்பை அங்குதான் உணர்ந்தேன்.

குறைகளும் உண்டு. உண்மைத் தோட்டாவைவிட எடை குறைவென்பதால், நிறைந்த மேகசினின் கனம் கைக்குப் பழகுவதில்லை. துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடு மூடும்போதெல்லாம், தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி கவ்விக் கவ்வி, தோட்டாக்களின் விளிம்பு சிதைந்துவருகிறது; இரண்டை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டேன். கட்டிலருகே நின்று பழகினால், நழுவும் மேகசின்கள் மெத்தையில் விழுந்து சேதமின்றித் தப்பும். தேய்ந்தவற்றுக்கு ஈடாக அதே வகையில் இன்னும் 5 வாங்கவிருக்கிறேன்.