'டாட்ரி' லேஸும் குரோஷா லேஸும்: புதுச்சேரிக் கடை ஒன்று

மகளின் புதுநன்மை (முதல் நற்கருணைச் சடங்கு) உடைக்கு லேஸ் வாங்குவதற்காக, புதுச்சேரி மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா கோயிலுக்கு அருகிலுள்ள சந்தில் இருக்கும் சிறிய லேஸ் கடைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். வாசலில் தொங்கியவை அனைத்தும் ஜிகினாவும் பிளாஸ்டிக் முத்தும் ஒட்டிய இயந்திர லேஸ்கள்; பார்த்தவுடன் 'டாட்ரி' என்ற ஆங்கிலச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

மலிவான பகட்டைக் குறிக்கும் அச்சொல் ஒரு புனிதையின் பெயரிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் ஈலியில் 673இல் மடம் நிறுவிய எத்தல்டிரெடா என்ற அரசகுலப் பெண், கழுத்தில் கட்டி வந்து 679இல் இறந்தார். இளமையில் கழுத்தணிகள் பூண்டு திரிந்ததற்கான தண்டனையே அக்கட்டி என்று அவரே கருதியதாகப் பீட் துறவி எழுதிவைத்திருக்கிறார். பேச்சுவழக்கில் அவர் பெயர் ஆட்ரி எனச் சுருங்கியது. அக்டோபர் 17இல் வரும் அவரது திருநாளையொட்டி ஈலியில் கூடிய சந்தையில் 'செயின்ட் ஆட்ரி லேஸ்' விற்பனையானது. அது இன்றைய பின்னல் லேஸ் அன்று, கழுத்தில் கட்டும் பட்டு நாடா. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்ற நன்னூல் விதி ஆங்கிலேயர் நாவிலும் செல்லுபடியாகும் போலும்: செயின்ட்டின் இறுதி ஒற்று ஆட்ரியின் ஆகாரத்தோடு சேர்ந்து 'டாட்ரி' ஆயிற்று. தொடக்கத்தில் அச்சொல்லில் இழிவில்லை. சந்தைச் சரக்கு மட்டமானபின், 17ஆம் நூற்றாண்டில் பொருளும் இறங்கியது. கழுத்தணிக்காக வருந்திய பெண்ணின் பெயரைச் சொல்லியே கழுத்தணி விற்றிருக்கிறார்கள்.

கடையின் நல்ல சரக்கோ உள்ளே மரப்பெட்டியில் கிடக்கிறது. "கேக்கறவங்களுக்கு மட்டும்தான் எடுப்பேங்க" என்று சொல்லிக்கொண்டே கடைக்கார அம்மா வெளியில் எடுத்த குரோஷா லேஸ், கையால் பின்னியது, இரண்டு அங்குல அகலம், மீட்டர் 180 ரூபாய். முடிச்சுகள் பின்புறமும் சுத்தமாக இருந்தன. இரண்டு முறை துவைத்தும் சுருங்கவில்லை. இத்தனை நேர்த்தியானதை ஒளித்துவைத்து, மீட்டர் 15 ரூபாய் ஜிகினாவை முன்னால் தொங்கவிடுவது எனக்குப் புரியவில்லை.

அளவில்தான் குறை. மேசை விளிம்பில் அறைந்த இரண்டு ஆணிகளுக்கு இடையே வைத்துத்தான் அளக்கிறார்கள். மூன்று மீட்டர் என்று வாங்கிவந்தது வீட்டு டேப்பில் ஒரு சாண் குறைந்தது. பில்லும் தரவில்லை. ஆகவே டேப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குறைந்த இடத்தைக் கை விளிம்பில் வாசல் ஜிகினாவை வைத்தே தைத்து ஒப்பேற்றினோம். மகளுக்கு உடையில் பிடித்த இடம் அதுதானாம்.