இரும்புக்குத் தூண்டில் போடும் கிருமியும், நேரே உருவும் கிருமியும்

நம் ரத்தத்தில் இரும்பு தனியாகத் திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம், மூலக்கூறுக்கு இரண்டு அணுக்கள் வரை, அதை இறுகப் பற்றிச் சுமக்கிறது. இரும்பின்றிப் பெருக முடியாத கிருமிகள் இந்தப் பிடியை இரு விதமாக உடைக்கின்றன.

குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தூண்டில் போடுகிறது. அது வெளியே விடும் என்டெரோபாக்டின் என்ற சிறு மூலக்கூறு, ஆறு ஆக்சிஜன் அணுக்களால் இரும்பை வளைத்துக்கொள்கிறது. எந்த உயிரினத்தின் டிரான்ஸ்ஃபெரின் என்ற கவலை அதற்கில்லை. ஆனால் செலவு அதிகம்: உள்ளே வந்த என்டெரோபாக்டினை உடைத்தால்தான் இரும்பு கிடைக்கும். வழியில் நம் வெள்ளணுக்கள் சுரக்கும் சிடெரோகாலின் என்ற புரதமும் அதை மடக்கிவிடும். சால்மோனெல்லா என்ற குடல் கிருமி அதே மூலக்கூறில் சர்க்கரையை ஒட்டி அந்தப் பொறிக்குத் தப்புகிறது, வியக்கவைக்கும் வேலை!

மூளையுறைக் காய்ச்சலையும் வெட்டை நோயையும் தரும் நைசீரியா கிருமிகள் தூண்டிலே செய்வதில்லை. அவற்றின் மேற்பரப்பிலுள்ள டிபிபி-பி புரதம், இரும்பு ஏந்திய டிரான்ஸ்ஃபெரினைத் தேர்ந்து பிடிக்கிறது. அதன் கூட்டாளிப் புரதமான டிபிபி-ஏ, விரல் போன்ற சுருளை டிரான்ஸ்ஃபெரினின் பிளவுக்குள் நுழைத்து இரும்பை உருவுகிறது. எலியின் டிரான்ஸ்ஃபெரின் இவற்றுக்கு உதவாது, மனிதருடையதே வேண்டும். அதனால் ஆய்வுக்கென மனித டிரான்ஸ்ஃபெரின் சுரக்கும் எலிகளையே உருவாக்க வேண்டியிருந்தது.

என் கணிப்பில் இரண்டாவது வழியே அதிக நுட்பமானது, நமக்கு அதிக வாய்ப்புத் தருவதும் அதுதான். கைவிட முடியாத கருவியைக் கிருமி வெளியே நீட்டி வைத்திருக்கிறது. வெட்டை நோய்த் தடுப்பூசி ஆய்வுகளில் டிபிபி-பி இடம்பெறுவது இதனால்தான்.