மார்கன்ஸ் வொண்டர்லேண்ட், சான் அன்டோனியோ

சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையோடு டெக்சாஸ் பக்கம் போகிறவர்கள் இந்தக் கேளிக்கைப் பூங்காவைத் தவறவிடாதீர்கள். 2010இல் திறந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது குதிரை ராட்டினம். மற்ற இடங்களில் பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இங்கே நாற்காலியோடு அப்படியே ஏறலாம். குதிரைகளோடு சேர்ந்து நாற்காலி நிற்கும் இடமும் மேலே போய்க் கீழே வருகிறது. உயரே போகும்போதெல்லாம் என் தங்கை மகன் கத்தித் தீர்த்துவிட்டான்.

அப்புறம் 2017இல் வந்த நீர்ப் பூங்கா. பேட்டரி நாற்காலி நனையக் கூடாது இல்லையா? அதனால் அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலி தருகிறார்கள். சாய்தளம் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற, குழந்தைகளுக்கான அருங்காட்சியகம் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும்.