தோ பீகா ஜமீனா, கமனா?

ஊரை விட்டு நகரம் போகும் கிராமத்து மனிதனின் கதைதான் இந்த இரண்டு இந்திப் படங்களும், கட்டுமானம் வேறு.

பிமல் ராயின் ‘தோ பீகா ஜமீன்’ (1953) கணக்கில் தொடங்குகிறது. 65 ரூபாய் கடன் என்று நம்பும் உழவன் சம்பு, ஜமீன்தார் தரப்பு 235 ரூபாய் என்ற கணக்கைக் காட்டியதும் திகைக்கிறான். கட்ட 3 மாதம் கெடு. கல்கத்தாவில் கைரிக்‌ஷா இழுக்கிறான். மகன் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறான். கூடுதல் காசுக்காக ஓட்டமாக ஓடும்போது சக்கரம் கழன்று விழும் காட்சியில், சம்புவாக வரும் பல்ராஜ் சாஹ்னியின் மூச்சிரைப்பு நடிப்பாகவே தெரியாது. ஆனால் விபத்து, நோய், திருட்டு என்று துன்பங்களை அடுக்குவது சற்று மிகை.

முசாஃபர் அலியின் ‘கமன்’ (1978) அடுக்குவதே இல்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து பம்பாய் வந்த குலாம் ஹசன் (ஃபாரூக் ஷேக்) டாக்சி ஓட்டுகிறான். சம்பாத்தியம் அன்றாடத்திலேயே கரைகிறது. ஊருக்குப் போய்வரும் செலவை நினைத்தே ரயில் நிலையத்தில் நின்றுவிடுகிறான். ஊரில் காத்திருக்கும் மனைவியாக வரும் ஸ்மிதா பாட்டீலுக்கு வசனம் கொஞ்சம்தான். ஜெய்தேவின் இசைக்குத் தேசிய விருது.

கதை வேகம் வேண்டுமென்றால் முதலாவது. பொறுமை இருந்தால் ‘கமன்’. இன்றைய புலம்பெயர் தொழிலாளிக்கு அதுவே நெருக்கம்.