கிம்பர்லியா, பில்பராவா: எந்தத் தண்ணீரில் இறங்கலாம்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. செம்மண் பாலை, மலையிடுக்கு, கடற்கரை மூன்றும் கிம்பர்லியில் உண்டு. தெற்கே பில்பராவின் கரிஜினி தேசியப் பூங்காவையும் நிங்கலூ பவளக் கரையையும் சேர்த்தால் அங்கேயும் மூன்றும் உண்டு. (நிங்கலூ நிர்வாகக் கணக்கில் காஸ்கோயின் வட்டாரம். பயணத்தில் அது கரிஜினியோடுதான் சேரும்.) படங்களைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே நீலம். இரண்டுக்கும் போய் வந்த பிறகு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு: வெயிலில் வெந்து நிற்கும்போது கண்முன் கிடக்கிற தண்ணீரில் இறங்க முடியுமா?

கிம்பர்லியில் யோசித்துத்தான் இறங்க வேண்டும். புரூம் ஊரின் கேபிள் பீச் 22 கி.மீ. நீளம், ஒட்டகச் சவாரி, அந்தி வெயில் எல்லாம் சரி. ஆனால் மழைக்காலத்தில், தொட்டால் கொட்டும் ஜெல்லி மீன்கள் வரும். எப்போதாவது உப்புநீர் முதலை தலைகாட்டினால் கடற்கரையையே மூடிவிடுவார்கள். ஓதம் ஒன்பது, பத்து மீட்டர் ஏறி இறங்கும். காலையில் கடல் இருந்த இடத்தில் மத்தியானம் வெறும் சேறு கிடக்கும். ஆறுகளும் அப்படித்தான். கிப் ரிவர் சாலையில் பென்டகோஸ்ட் ஆற்றைக் காரோடு கடக்க வேண்டும். ஆழம் பார்க்கக் காலை விடலாமா என்றால், அங்கே உப்புநீர் முதலை உண்டு.

ஆனாலும் டனல் கிரீக் மாதிரி ஓர் இடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மலைக்கு அடியில் 750 மீட்டர் குகை. முழங்கால் தண்ணீரில், கையில் டார்ச்சோடு நடக்க வேண்டும். தலைக்கு மேல் வௌவால் சத்தம். டார்ச்சை ஓரமாகத் திருப்பினால் சில நாள் இரண்டு கண்கள் பளிச்சென்று மின்னும்: நன்னீர் முதலை. சீண்டாத வரை அது பேசாமல் கிடக்கும் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். என் கால்களுக்கு அது புரியவில்லை. வெள்ளையர் குடியேற்றத்தை எதிர்த்துப் போராடிய புனுபா இனத்து ஜண்டமாரா ஒளிந்திருந்ததும், 1897இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கேதான். பக்கத்து விண்ட்ஜானா மலையிடுக்கின் சுவர்கள் சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளத்திட்டு. கீழே மணலில் நன்னீர் முதலைகள் வரிசையாக வெயில் காயும்.

கரிஜினி அதற்கு நேர் எதிர். அங்கே இறங்குவதுதான் வேலையே. சமவெளியில் நின்றால் எதுவும் தெரியாது, திடீரென்று காலடியில் தரை பிளந்திருக்கும். பாறையில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்து 250 கோடி ஆண்டு ஆகிறது. ஹான்காக் இடுக்கில் ஓரிடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் கையும் காலும் ஊன்றிச் சிலந்தி மாதிரி நகர வேண்டும். உள்ளே வெயில் அதிகம் எட்டாததால் ஜூலையில் தண்ணீர் பல்லைக் கிட்டிக்கவைக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டேல்ஸ் இடுக்கும் ஃபெர்ன் குளமும் போதும். மேகம் கறுத்தால் மட்டும் உடனே மேலே ஏறிவிட வேண்டும். எங்கோ பெய்த மழை இடுக்குக்குள் வெள்ளமாக வரும்.

அப்புறம் நிங்கலூ. இந்தப் பவளத்திட்டைப் பார்க்கப் படகுகூட வேண்டாம். டர்கோய்ஸ் பேயில் கரையிலிருந்து கொஞ்சம் நீந்தினால் பவளம். தென்முனையில் இறங்கினால் நீரோட்டமே வடக்கே இழுத்துக்கொண்டு போகும், நாம் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு மிதந்தால் போதும். மணல்திட்டு வருவதற்குள் கரையேறிவிட வேண்டும், அதைத் தாண்டினால் ஓட்டம் வெளிக்கடலுக்குத் தள்ளும். மார்ச் முதல் ஜூலை வரை திமிங்கிலச் சுறா வரும்.

வண்டி விஷயத்திலும் பில்பராவே லேசு. நிங்கலூ பக்கத்து எக்ஸ்மத், கரிஜினி பக்கத்து டாம் பிரைஸ், டேல்ஸ் இடுக்கு வரை தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். கிம்பர்லியில் 660 கி.மீ. கிப் ரிவர் சாலையில் பெரும்பகுதி கப்பிச்சாலை; பங்கிள் பங்கிள் மலைத்தொடருக்குத் திரும்பும் 53 கி.மீ. தடத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் நடக்காது. வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலைக்கு அனுமதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்; நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, வண்டியை மாற்ற ஒரு நாள் தொலைத்தேன். கிம்பர்லியைக் கடக்கும் தார்ச்சாலையும் ஒன்றே ஒன்றுதான். 2023 ஜனவரி வெள்ளத்தில் அதன் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலம் உடைந்து, டிசம்பரில்தான் புதுப்பாலம் திறந்தது.

பில்பராவில் வேறு தலைவலி. சுரங்க வேலைக்கு வருகிறவர்கள் அறைகளை நிரப்பிவிடுவதால் வாடகை எகிறும். நிங்கலூ கரையை ஒட்டிய கேப் ரேஞ்ச் பூங்காவின் கூடார இடங்களை ஆறு மாதம் முன்பே பிடிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம்.

ஒரு வாரமோ பத்து நாளோ இருந்தால், குழந்தைகள் கூட வந்தால், யோசிக்காமல் நிங்கலூவும் கரிஜினியும். மூன்று வாரமும், உடம்பில் புழுதி அப்பினால் முகம் சுளிக்காத துணையும் இருந்தால் கிம்பர்லி. இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்று வருகிறவர்கள் பார்ப்பது தாரும் கங்காருவும்தான்.

நாள் இருந்து இரண்டையும் இணைப்பவர்களுக்கு, போர்ட் ஹெட்லண்டிலிருந்து புரூமுக்கு 600 கி.மீ. நடுவே எய்ட்டி மைல் பீச்: பெயர்தான் எண்பது மைல், நீளம் 220 கி.மீ. ஒரு பக்கம் கிரேட் சாண்டி பாலை, மறுபக்கம் கடல். நம் புலவர்கள் பார்த்திருந்தால் திணைமயக்கம் என்றிருப்பார்கள். வழியில் பார்டூவை விட்டால் சாண்ட்ஃபயர், அதை விட்டால் நேரே புரூம் பக்கம்தான் பெட்ரோல். இரண்டு இடத்திலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.