பன்னீர் ரோஜா என்று ஒட்டுச்செடி விற்கிறார்கள், அடித்தண்டைப் பார்த்து வாங்குங்கள்

சென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் தள்ளுவண்டியில் ரோஜா வாங்குபவர்கள் கவனத்துக்கு. “நாட்டு பன்னீர் ரோஸ்க்கா, ஒட்டே கிடையாது” என்று சொல்லி, செடி 180 ரூபாய் வீதம் மூன்று கொடுத்தார்கள். மூன்றும் ஒட்டுச்செடி, அதாவது வேரோடு இருக்கும் ஒரு செடியின் அடித்தண்டில் வேறு ரோஜாவை ஒட்டிக் கட்டியது. இரண்டே மாதத்தில் மேல்பாதி காய்ந்துவிட்டது. இப்போது அடியிலிருந்து பூவே வைக்காத கொம்புகள் ஆளுயரத்துக்கு ஓடுகின்றன.

மொட்டு நீளமாக, கூராக, காம்புக்கு ஒன்றாக இருந்து வாசனையும் இல்லையென்றால் அது பன்னீர் ரோஜா இல்லை. நம்மூரில் பன்னீர் என்று விற்கும் எட்வர்ட் ரோஜா கொத்தாக மொட்டு விடும். விரிந்த பூ தட்டையாக, நடுவில் இதழ் நெருக்கியடித்து நிற்கும். மறுநாள் தொட்டாலே உதிரும்.

பூவை விட அடித்தண்டுதான் முக்கியம். தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து வைத்திருப்பார்கள், விரலால் தள்ளுங்கள். இரண்டு மூன்று அங்குலத்துக்குள் ஒரு முண்டு, பக்கத்தில் வெட்டிய தழும்பு, சிலதில் பிளாஸ்டிக் டேப்பும் இருக்கும். குச்சி நட்டு வளர்த்த செடியில் இது எதுவும் இருக்காது.

அடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம். அங்கே இருபக்கமும் மெல்லிய செதில் ஒட்டியிருக்கும். அதன் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்திருந்தால் அது மல்ட்டிஃப்ளோரா, அதாவது ஒட்டுக்கட்டப் பயன்படும் அடிச்செடி. எங்களுக்கு வந்தது அதுதான். ஒரே காம்பில் ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி என்ற கணக்கை நம்ப வேண்டாம், பன்னீரிலும் ஏழு வரும். எட்வர்டையே அடிச்செடியாக வைத்து ஒட்டுக்கட்டுவதும் உண்டு. அதனால் கீழே கிளம்பும் கிளையைச் செதில் பார்க்காமல் பிடுங்கிவிடாதீர்கள், நீங்கள் தேடும் பன்னீரே அதுவாக இருக்கலாம். மல்ட்டிஃப்ளோராதான் என்று உறுதியானால் கத்தரிக்காமல், கிளம்பும் இடத்தோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் மிச்சமிருக்கும் கணுவிலிருந்து திரும்ப வரும்.

மேல்பாதி காய்ந்ததற்குக் காரணம் வேரைச் சுற்றியிருந்த களிமண் உருண்டை. அதை அப்படியே தொட்டியில் வைத்தால் ஊற்றும் தண்ணீர் ஓரமாக இறங்கிவிடும், உருண்டை கல்லாகிவிடும். வாங்கிய அன்று சாயங்காலமே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, களியைக் கரைத்துவிட்டு 12 அங்குலத் தொட்டியில் நடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், மெட்ரோ தண்ணீரோ மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள்.

தெரிந்தவர் வீட்டில் பன்னீர் பூத்தால் பூ முடிந்த கிளையில் பென்சில் கனத்தில், எட்டு அங்குலத்தில் குச்சி கேட்டு வாங்குங்கள். மழை ஓய்ந்து மார்கழி, தை மாதத்தில் நிழலில் நட்டால் நன்றாக வேர்பிடிக்கும்.