நாள் கணக்கில் ஓடும் செஸ் ஆட்டங்களை அலச லிச்செஸ்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஒரு நகர்த்தலுக்கு 1 நாளிலிருந்து 14 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிற கரெஸ்பாண்டன்ஸ் ஆட்டங்களைத்தான் லிச்செஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் நான் பெரும்பாலும் ஆடுகிறேன். ஆட்டம் ஓடும்போது ஓப்பனிங் தொகுப்பைப் பார்க்கலாம், அலசல் பலகையில் கையாலேயே காய்களை நகர்த்திப் பார்க்கலாம், நகர்த்தல்களைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலான இஞ்சினை மட்டும் தொடக் கூடாது. (1951-இல் தொடங்கிய சர்வதேச கரெஸ்பாண்டன்ஸ் செஸ் கூட்டமைப்பான ஐசிசிஎஃப்பில் இஞ்சினுக்கே அனுமதி உண்டு, அது வேறு விளையாட்டு.) ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்கிற இஞ்சின் வந்து எங்கே தவறு என்று இரட்டைக் கேள்விக்குறி போட்டுக் காட்டிவிடும். ஆனால் ஏன் தவறு என்பதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும், இந்தத் தளத்தின் உண்மையான பலம் எனக்குத் தெரிந்தது அந்த இடத்தில்தான்.

அண்மையில் ஜெயித்த ஓர் ஆட்டத்தையே சொல்கிறேன். எனக்கு ஒரு யானை, ஒரு சிப்பாய்; எதிராளிக்கு யானை மட்டும். டிரா ஆகவேண்டிய நிலை. அவராகவே யானைகளை வெட்டிக்கொள்ள வந்தார். வெட்டி முடிந்தபோது என் ராஜா இ4, சிப்பாய் இ2, அவர் ராஜா இ6, நகர்த்த வேண்டியது நான். சிப்பாயை இ3-க்குத் தள்ளினேன், அவ்வளவுதான், அவர் ராஜா வழிவிட்டே ஆகவேண்டும்.

இஞ்சின் அந்த வெட்டுக்குச் சிவப்புக் குறி போட்டது, சரி. ஆனால் அவ்வளவு நாள் யோசிக்க நேரம் இருந்தும் நன்றாக ஆடுகிற ஒருவர் ஏன் அங்கே போனார் என்ற கேள்வி என்னை விடவில்லை. பலகைத் திருத்தியில் அதே நிலையை வைத்து, சிப்பாயை மட்டும் இ3-இல் வைத்தேன். பலகையில் 7 காய்கள் வரை உள்ள நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துத் துல்லியமாகச் சொல்லும் தொகுப்பான சிசிஜி டேபிள்பேஸ் உடனே டிரா என்றது. இ2-வில் இருந்தால் வெற்றி, இ3-இல் இருந்தால் டிரா. கையிருப்பில் இருந்த அந்த ஒரு நகர்த்தல்தான் முழு வித்தியாசமும். அப்புறம் எதிராளியிடமே கேட்டேன். முந்தைய வாரம் அலசிப் பார்த்த வரிசையில் சிப்பாய் ஏற்கெனவே முன்னேறியிருந்ததாம், அந்த நிலையை மனதில் வைத்துத்தான் டிரா என்று முடிவு செய்தாராம். நாள் கணக்கில் ஓடும் ஆட்டத்துக்கே உரிய தவறு இது. கணக்கு சரி, பலகைதான் வேறு. எந்தக் கேள்விக்குறியும் இதைச் சொல்லித் தராது.

அதனால் நகர்த்துவதற்கு முன் அலசல் பலகையை மூடி, உண்மையான ஆட்டப் பலகையில் ஒவ்வொரு சிப்பாயும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று புதிதாகப் பார்ப்பது இப்போது என் வழக்கம்.

குறை என்றால், ஆட்டத்தின் போது குறிப்பு எழுதும் இடம் ஒரே பெட்டியாக இருப்பது. எந்தக் குறிப்பு எந்த நகர்த்தலுக்கு என்று நாமே எண் போட்டு வைக்க வேண்டும். ஸ்டடி பகுதியில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தனியாகக் கருத்து எழுதலாம், ஆட்டம் முடிந்ததும் என் குறிப்புகளை அங்கே மாற்றி வைக்கிறேன். போனில் இஞ்சினை நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடேறுகிறது, ஆழமான அலசலுக்குக் கணினிதான் வசதி.